பாலிடெக்னிக் மாணவர் ஃப்ரெடி மெர்க்குரி



ஆண்டு மலருக்கு வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னால் விஸ்வேஸ்வரய்யா, ராமானுஜன், ஜி.டி. நாயுடு என்று எழுதுவதுதான் வழக்கம். எல்லாரும் பெரியவர்கள், மறுப்பே இல்லை. ஆனால் அவர்களைப் பற்றி ஆறாம் வகுப்பிலிருந்தே படித்துவிட்டோம். இந்த முறை கொஞ்சம் வேறு மாதிரி ஓர் ஆளைப் பார்ப்போமே!

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்தில் டூர் பஸ் வளைந்து வளைந்து போகும்போது பின் சீட்டுப் பசங்க என்ன செய்வாங்க? சீட்டைத் தட்டுவாங்க. அதில் ஒரு தாளம் நம்ம எல்லாருக்கும் தெரியும். இரண்டு தட்டு, ஒரு கைதட்டல், கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் இரண்டு தட்டு, ஒரு கைதட்டல். கிரிக்கெட் மைதானத்திலும் இதேதான், கபடி மேட்சிலும் இதேதான். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பாங்க. இங்கிலாந்தின் குயின் என்ற பாட்டுக்குழு 1977-ல் வெளியிட்ட 'வீ வில் ராக் யூ' பாட்டின் தாளம் அது. பாட்டை எழுதியவர் குழுவின் கிடார்க்காரர் பிரையன் மே. பாடியவர் ஃப்ரெடி மெர்க்குரி.

இவரைப் பற்றி நம்ம மலரில் எழுத இரண்டு காரணம் உண்டு. ஒன்று, வெள்ளைக்காரர் என்று உலகம் நினைத்த இவர் ஒரு இந்தியக் குடும்பத்துப் பிள்ளை. இரண்டாவது காரணத்தைக் கேட்டால் உங்களுக்கே சந்தோஷமாக இருக்கும். இவரும் ஒரு பாலிடெக்னிக் மாணவர்!

பேர் வந்த கதை

இவருடைய உண்மைப் பெயர் ஃபரோக் பல்சாரா. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் சான்சிபார் தீவில் 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி பிறந்தார். பெற்றோர் போமி பல்சாரா, ஜெர் பல்சாரா. இருவரும் குஜராத்திப் பார்சிகள். குஜராத்தில் இருக்கும் வல்சாட் ஊரை அந்தக் காலத்தில் பல்சார் என்பார்கள். அந்த ஊர்ப் பெயர்தான் குடும்பப் பெயராகி வந்தது. சான்சிபார் அப்போது ஆங்கிலேயர் ஆளுகையில் இருந்தது. அப்பாவுக்கு அரசாங்கத்தில் காசாளர் வேலை.

எட்டு வயசில் பையனைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். மகாராஷ்டிர மலைமேல் இருக்கும் பஞ்ச்கனி என்ற ஊரில் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி, அதிலேயே ஹாஸ்டல். அம்மா அப்பா கடலுக்கு அந்தப்பக்கம். ஹாஸ்டலில் இருக்கிற நம்ம நண்பர்களுக்கு அந்த ஏக்கம் சொல்லாமலே புரியும். அங்கேதான் பியானோ படித்தார். பன்னிரண்டு வயசில் நண்பர்களோடு சேர்ந்து 'ஹெக்டிக்ஸ்' என்று ஒரு குழு ஆரம்பித்தார். பள்ளிக்கூட விழாக்களில் அந்தக் குழு வாசிக்கும். டேபிள் டென்னிஸிலும் கெட்டிக்காரர். ஃப்ரெடி என்று கூப்பிட ஆரம்பித்ததும் அந்தப் பள்ளி நண்பர்கள்தான்.

பையனுக்கு மேல்வாயில் நாலு பல் அதிகம். அதனால் முன்பல் துருத்திக்கொண்டு நிற்கும். இதைச் சொல்லியே கூடப் படித்தவர்கள் கேலி செய்தார்கள். பிற்காலத்தில் கோடி கோடியாகப் பணம் வந்த பிறகும் அந்தப் பல்லை அவர் எடுக்கவில்லை. எடுத்தால் குரல் மாறிவிடுமோ என்று பயம். கேலியைப் பொறுத்துக்கொண்டார், குரலை விட்டுக்கொடுக்கவில்லை.

மெர்க்குரி என்ற பட்டப்பெயரை 1970 வாக்கில் தானே வைத்துக்கொண்டார். இந்தியா பற்றியும் சான்சிபார் பற்றியும் மேடையிலோ பேட்டியிலோ அவர் அதிகம் பேசியதில்லை. அது சிலருக்கு வருத்தம். ஆனால் ஒன்று யோசிக்கணும். நம்ம ஒகேனக்கல்லையே எடுத்துக்குங்க. கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. தண்ணீர் விழுந்து புகை மாதிரி எழும்புவதால் புகையும் கல் என்று பேர். பேர் கன்னடம், இந்தக் கரையில் பேச்சு தமிழ், ஆறு பிறந்தது குடகில். இதில் எந்த ஒன்றை மட்டும் ஒகேனக்கல் என்று சொல்வது? குஜராத், சான்சிபார், பஞ்ச்கனி, லண்டன் எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு மனுஷன்.

கையில் டிப்ளமோ, தோளில் பெட்டி

1964 ஜனவரியில் சான்சிபாரில் புரட்சி வெடித்தது. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். பல்சாரா குடும்பம் உயிர் பிழைத்தால் போதும் என்று இங்கிலாந்துக்குக் கிளம்பியது. லண்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபெல்தம் என்ற இடத்தில் சின்ன வீடு. ஃபரோக்குக்கு அப்போது பதினேழு வயசு.

அவர் சேர்ந்தது ஐஸில்வொர்த் பாலிடெக்னிக்கில். அங்கே ஓவியம் படித்தார். பிறகு 1966-ல் ஈலிங் கலைக் கல்லூரியில் சேர்ந்து, 1969-ல் கிராஃபிக் ஆர்ட் அண்ட் டிசைன் பாடத்தில் டிப்ளமோ வாங்கினார். ஆக, நம்ம மாதிரியே டிப்ளமோ ஹோல்டர்!

டிப்ளமோ வாங்கிய உடனே வேலை ஓடிவந்து கையைப் பிடித்ததா? இல்லை. அந்தக் காலத்தில் ஹீத்ரோ விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டி தூக்கியிருக்கிறார். கென்சிங்டன் மார்க்கெட்டில் ஒரு நண்பரோடு சேர்ந்து பழைய துணி விற்றார். இடையிடையே சின்னச் சின்னக் குழுக்களில் பாடினார். அவை ஒவ்வொன்றாகக் கலைந்தன.

ஆனால் படித்தது வீண் போகவில்லை. குயின் குழுவின் சின்னத்தை வரைந்தது இவர்தான். நாலு பேரின் ராசியை வைத்து வரைந்தார். சிம்ம ராசிக்காரர் இருவருக்கு இரண்டு சிங்கம், கடக ராசிக்காரருக்கு நண்டு, கன்னி ராசியான தனக்கு இரண்டு தேவதைகள், எல்லாவற்றுக்கும் மேலே சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவை. இன்றைக்கும் உலகம் முழுக்க பனியன்களில் பார்க்கிறோமே, அது ஒரு டிப்ளமோ மாணவரின் டிராயிங்!

ஒர்க்‌ஷாப் பசங்க நாலு பேர்

ஈலிங்கில் இவரோடு படித்த டிம் ஸ்டாஃபெல் 'ஸ்மைல்' என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்தார். 1970-ல் அவர் விலகியதும் அந்த இடத்துக்கு ஃப்ரெடி வந்தார். குழுவின் பேரை குயின் என்று மாற்றியதும் அவர்தான். கிடாருக்கு பிரையன் மே, டிரம்ஸுக்கு ரோஜர் டெய்லர். 1971-ல் பேஸ் கிடாருக்கு ஜான் டீக்கன் வந்து சேர்ந்தார். அதன் பிறகு கடைசி வரை இந்த நாலு பேர்தான். ஆள் மாறவே இல்லை.

இவர்கள் என்ன படித்தவர்கள் தெரியுமா? பிரையன் மே இம்பீரியல் காலேஜில் இயற்பியல். பாட்டுக்காகப் பாதியில் விட்ட டாக்டர் பட்டத்தை 2007-ல், அறுபது வயசில், திரும்பிப் போய் முடித்தார். அரியர் வைத்திருக்கிற நண்பர்கள் கவனிக்கவும்! ரோஜர் டெய்லர் முதலில் பல் மருத்துவம் படித்துவிட்டு, பிறகு ஒரு பாலிடெக்னிக்கில் உயிரியல் படித்தார். ஜான் டீக்கன் எலெக்ட்ரானிக்ஸ்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு சேதி. பிரையன் மே வாசிக்கும் கிடார் கடையில் வாங்கியதில்லை. பள்ளி மாணவராக இருந்தபோது, 1963-ல் ஆரம்பித்து, அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்தது. பழைய கணப்படுப்பின் மேல்சட்டத்தை அறுத்து கிடாரின் கழுத்து. பழைய மேஜைப் பலகை உடம்புக்கு. கம்பியைத் தளர்த்தி இறுக்கும் அமைப்புக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். புள்ளி வைக்க அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பட்டன். செய்து முடிக்க ஏறக்குறைய இரண்டு வருஷம். அந்தக் கிடாரைத்தான் அவர் ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் பெரிய பெரிய மேடைகளில் எல்லாம் வாசித்தார்.

எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கும் ஒன்று உண்டு. 1972 வாக்கில் ஜான் டீக்கன் தெருவோரக் குப்பைத்தொட்டியில் ஒரு சர்க்யூட் போர்டைப் பார்த்தார். யாரோ தூக்கிப்போட்டது. எடுத்து வந்து ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, ஒன்பது வோல்ட் பேட்டரி கொடுத்து ஆம்பிளிஃபையர் ஆக்கினார். குயின் ஆல்பங்களில் வயலின் போலவும் ஊதுகுழல் போலவும் கேட்கும் பல ஒலிகள், அந்தப் பெட்டியில் கிடாரைச் செருகி எடுத்தவை.

ஒரு பாட்டுக்கு மூணு வாரம்

1975-ல் வந்தது 'போஹீமியன் ராப்சொடி'. எழுதியவர் ஃப்ரெடி. அந்தக் காலத்து ரேடியோவில் மூன்று நிமிஷப் பாட்டுத்தான் ஓடும். இது 5 நிமிஷம் 55 விநாடி. மெதுவாக ஆரம்பித்து, நடுவில் மேடை நாடகப் பாட்டு மாதிரி மாறி, கடைசியில் தடதடவென்று ராக் ஆகி, மறுபடி அடங்கும். பல்லவி என்று ஒன்று கிடையவே கிடையாது. இது ஓடாது என்று கம்பெனிக்காரர்கள் கையை விரித்தார்கள்.

நடுப்பகுதியில் பெரிய கோரஸ் கூட்டமே பாடுவது போலக் கேட்கும். உண்மையில் பாடியது மூன்றே பேர்: ஃப்ரெடி, பிரையன், ரோஜர். கம்ப்யூட்டர் இல்லாத காலம். இருபத்து நாலு டிராக் டேப்பில் ஒரு குரலின் மேல் இன்னொரு குரலாக அடுக்கிக்கொண்டே போனார்கள். டேப் திரும்பத் திரும்ப ஓடி, மேல்பூச்சு தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப்பக்கம் தெரியும் அளவுக்கு ஆகிவிட்டதாம். பாட்டு முடிய மூன்று வாரம் போல ஆனது. பிராக்டிகல் ரெக்கார்டை ஒரே ராத்திரியில் எழுதி முடிக்கிற நமக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்!

லண்டன் ரேடியோ அறிவிப்பாளர் கென்னி எவெரெட் ஒரே வார இறுதியில் அதைப் பதினாலு தடவை ஒலிபரப்பினார். கடைகளில் கூட்டம் மொய்த்தது. இங்கிலாந்து வரிசையில் ஒன்பது வாரம் முதலிடம்!

எண்பதுகளின் முதலிடங்கள்

இந்த வரிசை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டை மட்டும் சின்ன இசைத்தட்டாக வெளியிட்டால் அதற்கு சிங்கிள் என்று பேர். அந்தக் காலத்தில் வாரா வாரம் எந்த சிங்கிள் அதிகம் விற்றது என்று கடைகளில் கணக்கெடுத்து வரிசை போடுவார்கள். அமெரிக்காவில் விற்பனையோடு ரேடியோ ஒலிபரப்பையும் சேர்ப்பார்கள். இந்தியாவில் 1952-லிருந்து ரேடியோ சிலோனில் அமீன் சயானி நடத்திய பினாக்கா கீத்மாலா ஏறக்குறைய இதே வேலையை இந்திப் பாட்டுக்குச் செய்தது.

1980-ல் அமெரிக்க வரிசையில் குயின் இரண்டு தடவை முதலிடம் பிடித்தது. முதலாவது 'கிரேஸி லிட்டில் திங் கால்ட் லவ்', நாலு வாரம். மியூனிக் நகரத்து ஹோட்டலில் குளியல் தொட்டியில் உட்கார்ந்தபடி பத்து நிமிஷத்தில் ஃப்ரெடிக்குத் தோன்றிய பாட்டு என்பார்கள். மூன்று வாரம் உழைத்தவருக்கு, பத்து நிமிஷத்திலும் வந்தது. உழைத்த கைக்குத்தானே அப்படி வரும்! இரண்டாவது 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்', மூன்று வாரம். எழுதியது, அதிகம் பேசாத ஜான் டீக்கன். சிங்கிளாக வெளியிடச் சொல்லித் தூண்டியவர் யார் தெரியுமா? மைக்கேல் ஜாக்சன்!

1981-ல் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ ஊரில் ஒரு ஸ்டூடியோ. டேவிட் போவி என்ற இன்னொரு பெரிய பாடகர் வந்திருந்தார். சும்மா சேர்ந்து வாசித்துப் பார்த்ததில் பிறந்தது 'அண்டர் பிரஷர்'. அந்த நவம்பரில் இங்கிலாந்தில் இரண்டு வாரம் முதலிடம்.

இப்போது ஒரு கேள்வி. 1980 முதல் 1989 வரை குயின் தன் சொந்த நாடான இங்கிலாந்தில் எத்தனை தடவை முதலிடம் வாங்கியது? பத்து? இருபது? இல்லை நண்பர்களே, ஒரே ஒரு தடவை! அதுவும் போவியோடு பங்கு போட்டுக்கொண்ட இந்த 'அண்டர் பிரஷர்'தான். 1984-ல் ரோஜர் டெய்லர் எழுதிய 'ரேடியோ கா கா' இரண்டாம் இடத்தில் நின்றுவிட்டது. சில ஐரோப்பிய நாடுகளில் மட்டும் முதலிடம். அதே வருஷம் டீக்கன் எழுதிய 'ஐ வாண்ட் டு பிரேக் ஃப்ரீ' மூன்றாம் இடம். 1986-ல் 'எ கைண்ட் ஆஃப் மேஜிக்' மூன்றாம் இடம். 1989-ல் 'ஐ வாண்ட் இட் ஆல்' அதுவும் மூன்றுதான்.

ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். 1981-ல் அதுவரை வந்த பாட்டுகளைத் தொகுத்து 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்று ஓர் ஆல்பம் போட்டார்கள். 2022-ல் இங்கிலாந்தில் மட்டும் அது 70 லட்சம் விற்பனையைத் தொட்டது. அந்த நாட்டில் வேறு எந்த ஆல்பமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. வாரா வாரம் முதலிடம் பிடித்த எத்தனையோ பாட்டுகளின் பேர்கூட இன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை. இரண்டும் மூன்றும் வாங்கிய பாட்டுகள் நம்ம பஸ் சீட்டு வரைக்கும் வந்து சேர்ந்தன. செமஸ்டர் ரேங்க் பட்டியலில் பேர் வராதவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

பரிசலில் ஏறும்போது எடை சமமாக உட்காரச் சொல்லிப் பரிசல்காரர் அதட்டுவார், கவனித்திருப்பீர்கள். ஒரு பக்கமே எல்லாரும் சாய்ந்தால் கவிழ்ந்துவிடும். குயின் குழுவும் அப்படித்தான் தாக்குப்பிடித்தது. மேடையில் எல்லார் கண்ணும் ஃப்ரெடி மேலேதான். ஆனால் பாட்டு எழுதியது நாலு பேரும். யார் பேரில் பாட்டு, யாருக்கு எவ்வளவு காசு என்று இவர்களுக்குள்ளும் சண்டை வந்தது. 1989-ல் வந்த 'த மிராக்கிள்' ஆல்பத்திலிருந்து யார் எழுதினாலும் நாலு பேர் பேரிலும் போடுவது என்று முடிவு செய்துகொண்டார்கள். பிராஜக்ட் ரிப்போர்ட்டில் யார் பேர் முதலில் என்று அடித்துக்கொள்ளும் நமக்கு இது ஒரு பாடம்.

தவறும் நடந்தது

புகழ்ந்து மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. 1984 அக்டோபரில் குயின் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டிக்குப் போய்க் கச்சேரி செய்தது. அங்கே வெள்ளையர் ஆட்சி. கறுப்பர்களை நிறத்தின் பேரால் ஒதுக்கிவைத்த காலம். அங்கே போய்ப் பாடக்கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை கேட்டுக்கொண்டிருந்தது. மீறிப் போனதற்காக இங்கிலாந்து இசைக்கலைஞர் சங்கம் அபராதம் போட்டது, ஐ.நா.வின் கறுப்புப் பட்டியலிலும் பேர் ஏறியது.

நம்ம நாடு இதே விஷயத்தில் எப்படி நடந்தது? 1974-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டிக்கு இந்தியா வந்துவிட்டது. எதிரே தென்னாப்பிரிக்கா. ஆடியிருந்தால் கோப்பை கிடைத்திருக்கலாம். நம்ம மெட்ராஸ்காரர் விஜய் அமிர்தராஜ் இருந்த அணி அது. நிறவெறி நாட்டோடு ஆடமாட்டோம் என்று இந்தியா கோப்பையையே விட்டுக்கொடுத்தது. தன் தோல் நிறத்தைக் கேலி செய்யும் ஒரு நாட்டில் வாழ்ந்த ஃப்ரெடி இதை யோசித்திருக்க வேண்டும். அந்தப் பயணம் அவர் வாழ்க்கையில் ஒரு கறைதான்.

இருபத்தோரு நிமிஷம்

1985 ஜூலை 13. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 'லைவ் எய்ட்' என்று பெரிய நிகழ்ச்சி. மைதானத்தில் சுமார் 72,000 பேர். செயற்கைக்கோள் வழியாக நூறு நாடுகளுக்கு மேல் நேரடி ஒளிபரப்பு. ஒவ்வொரு குழுவுக்கும் இருபது நிமிஷம் போலத்தான் நேரம்.

குயின் பழைய காலத்து ஆட்கள், இனி அவ்வளவுதான் என்று பலர் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. இந்த நாலு பேரும் என்ன செய்தார்கள்? ஓர் அரங்கத்தை வாடகைக்கு எடுத்து, கடிகாரம் வைத்து, நாள்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். நீளமான பாட்டுகளை வெட்டிச் சுருக்கி ஆறு பாட்டு அடக்கினார்கள். நிகழ்ச்சியன்று ஏறக்குறைய இருபத்தோரு நிமிஷம்.

ஒகேனக்கல்லில் அருவி பக்கத்தில் நின்று அடுத்த ஆளிடம் பேசிப் பாருங்கள். தொண்டை கிழியக் கத்தணும். அப்படி இரைச்சல் போடும் கூட்டத்தின் நடுவே ஃப்ரெடி தனியாக நின்று, வாத்தியம் எதுவும் இல்லாமல், வெறும் குரலால் ஒரு ராகத்தை இழுத்தார். 72,000 பேரும் அதைத் திருப்பிப் பாடினார்கள். அவர் ஏற்றினால் ஏற்றினார்கள், இறக்கினால் இறக்கினார்கள். 'ரேடியோ கா கா'வுக்கு மைதானம் முழுக்க ஒரே சமயத்தில் கை தூக்கித் தட்டியது. ராக் மேடையில் நடந்ததிலேயே சிறந்த நிகழ்ச்சி இதுதான் என்று பிற்காலக் கருத்துக்கணிப்புகளில் தேர்வானது.

அடுத்த வருஷம் ஜூலையில் கம்யூனிஸ்ட் நாடான ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்தில் பெரிய மைதானக் கச்சேரி. 1986 ஆகஸ்ட் 9-ஆம் தேதி இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம். ஃப்ரெடியோடு குயின் நடத்திய கடைசிக் கச்சேரி அதுதான் என்று அன்றைக்கு வந்தவர்களுக்குத் தெரியாது.

நோயும் வேலையும்

1987-ல் ஃப்ரெடிக்கு எய்ட்ஸ் கிருமி இருப்பது தெரிந்தது. அப்போது அது மரண தண்டனை மாதிரி. முதல் மருந்து அந்த வருஷம்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் நோயைக் கொஞ்சம் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது.

ஃப்ரெடி இளமையில் மேரி ஆஸ்டின் என்ற பெண்ணைக் காதலித்து, மணக்கவும் எண்ணியிருந்தார். பிறகு தன் நாட்டம் ஆண்களிடம் என்று உணர்ந்து விலகினார். ஆனால் மேரி கடைசி வரை அவருக்கு நெருங்கிய தோழி. கடைசி வருஷங்களில் ஜிம் ஹட்டன் என்பவர் துணையாக இருந்து கவனித்துக்கொண்டார். இதையெல்லாம் வைத்துப் பத்திரிகைகள் அவரை விரட்டின. வாசலில் கேமராவோடு காத்துக்கிடந்தன.

நம்ம ஊரிலும் இந்த நோயின் கதை சுலபமானதில்லை. இந்தியாவில் முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது 1986-ல், நம்ம சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர். தொண்ணூறுகளில் பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் விளம்பரம். ஆனால் நோய் வந்தவரைத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கினார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். தொட்டால் ஒட்டாது, கூட உட்கார்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று படித்தவர்களே நம்பவில்லை.

அந்தப் பயம் உலகம் பூராவும் இருந்த நேரத்தில் ஃப்ரெடி என்ன செய்தார்? வேலைக்குப் போனார். 1988-ல் ஸ்பெயினின் ஓபரா பாடகி மான்செராட் கபாயேவோடு 'பார்சிலோனா' ஆல்பம். 1989-ல் குயினின் 'த மிராக்கிள்'. 1991-ல் 'இன்னுவெண்டோ'. அதன் தலைப்புப் பாட்டு இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்தது. கால் புண்ணாகி நடக்க முடியாத நிலை. அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'த ஷோ மஸ்ட் கோ ஆன்' மேல் ஸ்தாயியில் கடினமானது. இந்த உடம்பில் இவரால் பாட முடியுமா என்று அதை எழுதிய பிரையன் மேக்கே சந்தேகம். ஃப்ரெடி பாடி முடித்தார். குரலில் நோய் இருப்பதே தெரியாது. வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

1991 மே மாதத்தில் மோன்ட்ரோவில் கடைசியாகப் பாடிப் பதிவு செய்தார். தான் போன பிறகு நண்பர்கள் வாசித்து முடித்துக்கொள்ளட்டும் என்று குரலை மட்டும் விட்டுச் சென்றார். அவர்கள் முடித்து 1995-ல் 'மேட் இன் ஹெவன்' என்ற ஆல்பமாகக் கொண்டுவந்தார்கள்.

நவம்பர் 23-ஆம் தேதி, தனக்கு எய்ட்ஸ் இருப்பதை அறிக்கை மூலம் உலகத்துக்குச் சொன்னார். மறுநாள் 24-ஆம் தேதி லண்டன் வீட்டில் இறந்தார். வயசு 45. வாழ்நாளெல்லாம் தன் பூர்வீகத்தைப் பற்றி அதிகம் பேசாதவருக்குப் பார்சி குருமார்கள் வந்து, ஜொராஸ்டிர முறைப்படி மந்திரம் சொல்லி, இறுதிச் சடங்கு செய்தார்கள்.

போன பிறகு வந்த முதலிடம்

அந்த டிசம்பரில் 'போஹீமியன் ராப்சொடி' மறுபடி வெளியானது. பதினாறு வருஷத்துக்கு முந்தைய பாட்டு மீண்டும் ஐந்து வாரம் முதலிடம்! கிடைத்த பணம் டெரன்ஸ் ஹிக்கின்ஸ் டிரஸ்ட் என்ற எய்ட்ஸ் தொண்டு நிறுவனத்துக்குப் போனது. 1992 ஏப்ரல் 20-ஆம் தேதி அதே வெம்ப்ளியில் பெரிய பாடகர்கள் கூடி அஞ்சலிக் கச்சேரி நடத்தினார்கள். அந்தப் பணத்தில் மெர்க்குரி ஃபீனிக்ஸ் டிரஸ்ட் உருவானது. சின்னத்தில் அவர் வரைந்த அதே ஃபீனிக்ஸ் பறவைதான் அதன் பேரில்.

1996-ல் கூட்டு மருந்து முறை வந்தது. ஐந்து வருஷம் முன்னால் வந்திருந்தால் அவரும் பிழைத்திருக்கலாம். இந்தியாவில் 2004 ஏப்ரலில் அரசாங்கம் அந்த மருந்தை இலவசமாகத் தர ஆரம்பித்தது. முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று. நோயாளியை வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்கக்கூடாது என்று 2017-ல் சட்டமே வந்தது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் இன்றைக்கு மற்றவர்களைப் போல வேலை பார்த்து, குடும்பம் நடத்தி, வயசாகி வாழலாம். சட்டமும் மருந்தும் வந்துவிட்டன. தனி டம்ளர் போய்விட்டதா? அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

2018-ல் அவர் கதை சினிமாவாக வந்து, ஃப்ரெடியாக நடித்த ராமி மாலிக் ஆஸ்கர் விருது வாங்கினார். மோன்ட்ரோ ஏரிக்கரையில் ஒரு கையைத் தூக்கியபடி அவர் சிலை நிற்கிறது.

நண்பர்களே! இவரை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. அவரவர் வாழ்க்கை அவரவருக்கு. ஆனால் ஒரு பாலிடெக்னிக் மாணவர், பெட்டி தூக்கினார், துணி விற்றார், கேலி பட்டார், தவறும் செய்தார். எந்த நிலையிலும் கையில் எடுத்த வேலையை மட்டும் அரைகுறையாக விடவில்லை. நின்று பாட முடியாத நாளிலும் பாட்டை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். பைனல் இயர் பிராஜக்ட்டை எடுத்து வைத்திருக்கும் நாமும் அதை மட்டுமாவது அவரிடமிருந்து கற்றுக்கொள்வோம்.